வாய் அசையக் கூடாது

நாக்கை மேலண்ணத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டால் உதடு அசையாது என்று தமயந்தி கண்டுபிடித்து மூன்று நாளாகிறது. மூன்று நாளும் டிவியில் செய்தி வாசிப்பவர்களைப் பேசவிட்டு, எதிரே கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அந்த வித்தையைப் பழகியிருந்தாள். இப்போதும் ஒட்டித்தான் வைத்திருக்கிறாள். வாசற்படியில் வலது கால், நிலைக்கு உள்ளே இடது கால், தரையில் சிவப்பு டேப்பால் ஒட்டிய குறியைத் தாண்டக் கூடாது, இடது கை நிலைக்கட்டையில், தலையில் வெள்ளை தெளித்த முடி. நாற்பத்தொரு வயதுக்குத் தானாக நரைத்ததே போதும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மேக்கப்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பத்தாதுங்க, விதுரன் சாருக்கு அம்மான்னா இன்னும் வேணும் என்று டப்பாவை எடுத்துவிட்டார். விதுரன் சாருக்கு நாற்பத்திரண்டு. இந்த விஷயம் அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், பல்கலைக்கழக நாடகத்துறையின் பழைய வருகைப் பதிவேட்டுக்குத் தெரியும். அந்தப் பதிவேட்டில் விதுரன் என்று யாருமே கிடையாது, காத்தமுத்து என்றுதான் இருக்கும். அந்தக் காத்தமுத்து இந்தப் படத்தில் இருபத்தேழு வயதுப் பையன், அவனைவிட ஒரு வயது சின்னவளான இவள் அவனைப் பெற்றவள். சரி, இருக்கட்டும். அம்மாவோ ஆயாவோ, முகம் தெரிகிறதா இல்லையா, அதுதான் பேச்சு. நாக்கு நழுவுகிறது. எச்சில் ஊறினால் நழுவிவிடும், அதை யோசிக்காமல் விட்டுவிட்டாள்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் உள்ளடங்கிய ஓர் ஊரில் கிழக்குப் பார்த்த ஓட்டு வீடு. காலை வெயில் வாசலின் மூன்று படிகளிலும் விழுந்து கிடக்கும்போது எடுத்தால்தான் உண்டு, பத்தரைக்கு மேல் வெயில் படியை விட்டு இறங்கிவிடும், நாளைக்கு இந்த வீடு கிடையாது என்று கேமராமேன் காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார். ஒரே ஷாட். சிறையிலிருந்து வந்த மகன் படியேறி நின்று அரைப் பக்கம் பேசுகிறான். நிலையில் நிற்கும் அம்மா ஒரே வரி சொல்கிறாள்: செருப்பக் கழட்டாத. அவ்வளவுதான், உள்ளே வராதே, அப்படியே போ என்று அர்த்தம். வெட்டு இல்லை, தனித்தனி க்ளோஸ் இல்லை, ரெண்டு முகமும் பக்கவாட்டில் ஒரே ஃப்ரேமில். ஒத்திகையில் டைரக்டர் இதைச் சொன்னபோது தமயந்தி சந்தோஷத்தில் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பதினேழு வருஷத்தில் அவள் நர்ஸாக வந்திருக்கிறாள், கூட்டத்தில் அழுதிருக்கிறாள், போலீஸ் ஸ்டேஷனில் ஃபைல் எடுத்துக் கொடுத்திருக்கிறாள், சீரியலில் ஆறு மாதம் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்து திடீரென்று வீடு மாறிப் போயிருக்கிறாள். சினிமாவில் முழு முகத்தோடு, பேச்சோடு, இதுதான் முதல். இதுவும் இல்லாவிட்டால் ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் பயிற்சி டீச்சராகச் சேர்ந்துவிடுவதாகச் சம்பத்திடம் சொல்லியாகிவிட்டது. சம்பத் நல்ல புருஷன், ஒரு நாளும் நடிக்காதே என்று சொன்னதில்லை, இந்தத் தடவை மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, இதோட போதும்ல தமா என்று கேட்டான். போதும் என்று அவளும் சொன்னாள். சொன்ன பிறகு சாப்பிட முடியவில்லை.

வாய் அசைவது ஒரு வியாதி. டாக்டரிடம் காட்டுகிற வியாதி இல்லை, அந்த நாடகத்துறையில் கூடப் படித்த ஒன்பது பேருக்கு மட்டும் வந்த வியாதி. அங்கே மேடை வட்டம், சுற்றிலும் நாலு பக்கமும் ஜனம். பக்கத் திரை கிடையாது, திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்று வசனத்தை எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. அதனால் எல்லோரும் முழு நாடகத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும், எதிரே நிற்பவன் திணறினால் இவள் சத்தமில்லாமல் உதட்டில் காட்ட வேண்டும், அவன் பிடித்துக்கொள்வான். அதற்கு அவர்கள் வைத்த பேர் ஊட்டுறது. இன்னைக்கு எனக்கு யாருடி ஊட்டுவா என்று காத்தமுத்து ஒத்திகைக்கு வரும்போதே கேட்டுக்கொண்டு வருவான். அவனுக்கு வசனம் நிற்காது. குரல் உண்டு, உடம்பு உண்டு, நின்றால் எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள், வசனம் மட்டும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணி. ரெண்டு வருஷமும் ஊட்டியவள் தமயந்தி. ஊட்டி ஊட்டி, எதிரே யார் பேசினாலும் தன் உதடு கூடவே முனகுவது அவளுக்கே தெரியாமல் போயிற்று. மாமியார் பேசினால் அசையும். பஸ் கண்டக்டர் பேசினால் அசையும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு படத்தில் விடுதி வார்டனாகக் கதாநாயகிக்குப் பின்னால் நின்றாள். சொந்தக்காரர்கள் பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனால், அந்தக் காட்சி வந்தது, கதாநாயகி வந்தாள், வார்டனுடைய தோள் மட்டும் வந்தது. சம்பத்தின் அக்கா இருட்டில் அவள் கையைத் தட்டி, எங்கடி நீ, இன்னும் வரலையா என்று கேட்டார். சின்ன வேஷங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் கோஆர்டினேட்டர் ஸ்டீபன்தான் அப்புறம் விஷயத்தைச் சொன்னான். அவ பேசப் பேச உங்க வாயும் அசையுதாம்க்கா, எடிட்டர் தலையில அடிச்சுக்கிட்டாராம். இந்த வாய்ப்புக்குப் போன் செய்தபோதும் வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால், வாயை மட்டும் பார்த்துக்கங்கக்கா என்றான்.

பார்த்துக்கொள்ள ஒரே வழிதான், அவனுடைய வசனம் காதில் விழாமல் இருப்பது. தெரியாததை உதடு எப்படிச் சொல்லும்? அதனால்தான் ஸ்க்ரிப்ட் பேப்பரை நீட்டியபோது அவள் வாங்கவில்லை. உதவி இயக்குநர் நித்திலாவிடம், எனக்கு என் வரியும் அதுக்கு முன்னாடி வர்ற ரெண்டு வார்த்தையும் சொன்னாப் போதும்மா என்றாள். ஒத்திகைக்கும் விதுரன் வரவில்லை, அவனுக்குப் பதிலாக ஒரு ஸ்டூலை நிறுத்தி நடந்தது. எல்லாம் கைகூடி வந்ததே என்று இருந்தாள். காலையில் மேக்கப் வேனில் தலைக்கு வெள்ளை அடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கையில் நல்ல மனசுக்காரப் பெண்ணான அந்த நித்திலா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்ப்ரே காயட்டும்மா, அதுவரைக்கும் சாரோட டயலாக்கைப் படிச்சுக் காட்டுறேன், உங்களுக்கு எமோஷன் வரும்ல என்று ஆரம்பித்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தால் முகத்தில் ஸ்ப்ரே. ஒரே தடவைதான் படித்தாள். ஒரே தடவை போதும். அம்மா, பதினோரு மாசம். மனு போட்டுப் பார்க்க வர்ற நாள்ல மொத ஆளா போய்க் கம்பி ஓரம் நின்னேன். எல்லாருக்கும் ஆள் வந்துச்சு. பக்கத்து அறைக்காரனுக்கு அவன் மாமியார்கூட வந்தா. நீ வரல. கோர்ட்ல கேட்டாங்க, ஸ்டேஷன்ல கேட்டாங்க, நீதான் செஞ்சியான்னு நீ மட்டும் என்னைக் கேக்கல. அப்படியே ஒட்டிக்கொண்டது. அங்கேயிருந்து இந்த வாசற்படி வரைக்கும் நடந்து வந்ததில் எத்தனை முறை ஓடியதோ. வேறு எதையாவது நினைக்க வேண்டும். மகளுக்கு மதியச் சாப்பாட்டுக்கு என்ன வைத்தோம்? எலுமிச்சை சாதம். உருளைக்கிழங்கு வைத்தோமா? வைத்தோம். தண்ணீர் பாட்டில்? மனு போட்டுப் பார்க்க வர்ற நாள்ல. ஐயோ. ஏழாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தாள். ஏழு மூணு இருபத்தொண்ணு, ஏழு நாலு இருபத்தெட்டு, பக்கத்து அறைக்காரனுக்கு அவன் மாமியார்கூட. மாமியார் எங்கே வந்து நுழைகிறாள் பார்.

குடை பிடிக்க ஒருவர், தண்ணீர் பாட்டிலோடு ஒருவர் என்று பரிவாரத்தோடு விதுரன் கேரவனிலிருந்து இறங்கி வந்தான். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில் பார்க்கிறாள். கன்னம் ஒட்டி, இடுப்பு ஒட்டி, சட்டைக்குள் இன்னும் இளைத்து, ஆனால் அதே நெற்றி. என்னவென்று கூப்பிடுவது என்று ராத்திரியெல்லாம் கவலைப்பட்டிருந்தாள். வாடா போடா என்று இருந்தவனை சார் என்றால் கிண்டல் மாதிரி ஆகிவிடும், நீ என்றால் திமிர் ஆகிவிடும், தம்பி என்றால் வயசு இடிக்கும். கடைசியில் யாரையும் குறிக்காமல் பேசுவதற்கு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தாள்: வணக்கம், பார்த்து ரொம்ப நாளாச்சு, எல்லாம் சௌக்கியந்தானே. அவன் தலையை ஆட்டினான். சின்னதாக, கண்ணால் மட்டும், சிரித்த மாதிரியும் இருந்தது. அது போதும் அவளுக்கு. நெஞ்சுக்குள் பொங்கியது என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால் ஸ்டீபன் சொல்லியிருந்தான், உங்க பேரை ஹீரோ சைடுலேர்ந்தே சொன்னாங்களாம்க்கா என்று. அதை அவள் யாரிடமும் சொல்லாமல், சம்பத்திடம்கூடச் சொல்லாமல், ஒரு வாரமாக உள்ளுக்குள்ளேயே வைத்து எடுத்தெடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒன்பது பேரில் ஒருத்தி காரைக்காலில் டீச்சர், ஒருவன் திருச்சியில் கல்யாண வீடுகளில் மைக் பிடிக்கிறான், வாட்ஸப் குழுவில் இவன் படம் வரும்போதெல்லாம் எல்லோரும் மாலை போட்டுத் தேங்காய் உடைக்கிறார்கள், இவன் நாலு வருஷமாக ஒரு வார்த்தை பதில் போட்டதில்லை. மறந்துவிட்டான் என்றார்கள். மறக்கவில்லை. கடைசி வருஷ நாடகத்தில் இவள் நடித்ததை நினைவு வைத்து, இந்த அம்மா வேஷத்துக்கு இவள்தான் என்று சொல்லியிருக்கிறான். சிறந்த நடிகர் விருது அவனுக்குத்தான் போயிற்று அப்போது, அதனாலென்ன, பார்த்தவனுக்குத் தெரியும்தானே யார் நடித்தது என்று.

முதல் டேக்கில் அவன் படியேறினான். அம்மா என்றான். குரல் அதே குரல், இரும்புத் தொட்டியில் கல் விழுந்த மாதிரி. பதினோரு மாசம் என்றான். தமயந்தியின் நாக்கு அண்ணத்தைக் குத்திக்கொண்டு நின்றது. எல்லாருக்கும் ஆள் வந்துச்சு என்று சொல்லிவிட்டு நின்றான். கட். ரெண்டாவது டேக்கிலும் எல்லாருக்கும் ஆள் வந்துச்சு வரைக்கும் வந்து நின்றான். மூன்றாவதில் அங்கே வருவதற்குள்ளேயே கண்ணில் பயம் வந்துவிட்டது, அதை அவள் ஒருத்திதான் பார்த்தாள். பழைய பயம், அதே பழைய பயம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மற்ற படங்களில் இவனுக்குக் கவலையில்லை, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் வரி வரியாகக் கத்துவார், இவன் சொல்வான், அப்புறம் டப்பிங்கில் பேசிக்கொள்ளலாம். பதினைந்து வருஷம் அப்படியே ஓட்டிவிட்டான். இந்த டைரக்டர் சத்தத்தையும் அங்கேயே பதிகிறவர், குருவி கத்தினால்கூடக் காத்திருக்கிறவர். யாரும் வாயைத் திறக்க முடியாது. கேமராமேன் படியைக் காட்டினார். வெயில் மேல்படியை விட்டு இறங்கியிருந்தது. இன்னும் பத்து நிமிஷம் தாங்கும் சார் என்றார். டைரக்டர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் பேசும்போது தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டார்.

நாலாவது டேக் கெட்ட பிறகு விதுரன், வியர்வை ஒற்ற வந்தவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சட்டையில் குத்தியிருந்த மைக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு படியேறி அவளுக்குப் பக்கத்தில் வந்தான். பார்க்கிறவர்களுக்கு மகனும் அம்மாவும் காட்சியைப் பற்றிப் பேசிக்கொள்வதாகத் தோன்றியிருக்கும். அவன் அவளைப் பார்க்காமல் வாசல் தூணைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான்தான் உன்னைச் சொன்னேன் தமயந்தி. இந்தாளு லைவ் சவுண்ட்னு சொன்னதுமே உன் ஞாபகம்தான் வந்துச்சு. ஊட்டுடி." அவளுக்கு முதலில் புரியவில்லை, புரிந்தபோது காது சூடாயிற்று. நானும் ஃப்ரேம்ல இருக்கேன் என்று மட்டும் சொன்னாள். "அதெல்லாம் பார்த்துக்கலாம். கடைசியில உன் பக்கம் கொஞ்சம் இருட்டாக்கிடச் சொல்றேன். உனக்கு என்ன, அம்மாதானே" என்றான். சொல்லிவிட்டு அவள் தோளை லேசாகத் தட்டினான், அன்பாகத்தான் தட்டினான், அதுதான் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்தால் திட்டிவிடலாம். இவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். இந்த ஒரு வாரம் உள்ளே வைத்து எடுத்தெடுத்துப் பார்த்ததெல்லாம் என்னது, அட அசடே, உன்னை நடிக்கக் கூப்பிடவில்லை, உதட்டைக் கூப்பிட்டிருக்கிறான். விருது வாங்கி வந்த அன்றைக்கும் இப்படித்தான் தோளைத் தட்டினான், நீ இல்லாட்டி நான் இல்ல தமா என்று, அவள் பூரித்துப்போய் ரெண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். இருட்டாக்கிடச் சொல்றேன். தியேட்டரில் சம்பத்தின் அக்கா கையைத் தட்டி எங்கடி நீ என்று கேட்பார். ஊட்டினால் அவன் பேசிவிடுவான், வெயில் போவதற்குள் காட்சி முடிந்துவிடும், எல்லோரும் கை தட்டுவார்கள், அடுத்த படத்துக்கும் கூப்பிடுவான், ஒவ்வொரு படத்திலும் இருட்டில் ஓர் அம்மா நிற்கலாம். ஊட்டாவிட்டால் இன்றைக்குக் காட்சியே இல்லை. காட்சி இல்லையென்றால் முகமும் இல்லை. இரண்டு பக்கமும் போகிறதே என்று நினைத்தபோது, கோபம் வர வேண்டிய இடத்தில், அவளுக்கு வெறும் நடுக்கம்தான் வந்தது.

ஐந்தாவது டேக். வீட்டைச் சுற்றி நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவன் படியேறினான். அம்மா. பதினோரு மாசம். நன்றாகத்தான் சொன்னான், அவள் ஊட்டுவாள் என்ற தைரியத்தில் முதல் நாலு டேக்கையும்விட நன்றாகச் சொன்னான். மொத ஆளா போய்க் கம்பி ஓரம் நின்னேன். எல்லாருக்கும் ஆள் வந்துச்சு. நின்றான். நின்று அவன் கண் அவள் கண்ணிலிருந்து வாய்க்கு இறங்கியது. பக்கத்து. ப என்று சொல்ல உதடு மூடியிருக்க வேண்டும், அவளுக்கு ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது, திறந்தால் போதும், திறந்தாலே பாதி வசனம் போய்ச் சேர்ந்துவிடும். கீழுதட்டுக்குள்ளே எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு துடிப்பு. நாக்கு எங்கே போயிற்று? நாக்கை மறந்துவிட்டாள். பல்லைக் கடித்தாள். அவன் காத்திருக்கிறான், பசித்த குழந்தை பார்ப்பது மாதிரி வாயையே பார்க்கிறான், பாவமாக இருக்கிறது, நிஜமாகவே பாவமாக இருக்கிறது, கொடுத்துவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடிக்கிறது, ரெண்டு வருஷம் கொடுத்த உடம்பு அது. நெற்றியில் வியர்வை அரும்பி அவன் புருவத்துக்கு வந்துவிட்டது. டைரக்டர் ஏன் கட் சொல்லவில்லை? சொல்லப் போகிறார். சொல்லிவிட்டால் முடிந்தது, வெயில் போச்சு, ஜூன் மாதம், பேச்சுப் பயிற்சி, பிள்ளைகளே எல்லோரும் வாயை நன்றாகத் திறந்து. அவன் கண் கலங்கியது. மறந்துபோனவனுடைய கண்ணீர், வேறொன்றுமில்லை. ஆனால் கேமராவுக்கு அது தெரியாது. கேமராவுக்கு, பதினோரு மாதம் உள்ளே இருந்து வந்த ஒருவன், பெற்றவள் முன்னால் நின்று மேலே பேச முடியாமல் நிற்கிறான். இது அவளுக்குச் சட்டென்று தெரிந்தது. தெரிந்ததும் வாய் திறந்தது. "செருப்பக் கழட்டாத" என்றாள். அவன் திடுக்கிட்டான். நிஜமான திடுக்கிடல். பின்னால் ஒரு படி இறங்கி, தடுமாறி, நின்றான். அவள் கை நிலைக்கட்டையை இறுக்கிக்கொண்டது.

கட் வர ரொம்ப நேரமானது. வந்ததும் டைரக்டர் மானிட்டரை விட்டு எழுந்து ஓடி வந்தார். விதுரனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, சார், அந்த சைலன்ஸ், சார், நான் எழுதினதெல்லாம் வேஸ்ட் சார் என்று உளறினார். அவளையும் பார்த்து, அம்மா, எங்கே பேசணும்னு எப்படிம்மா தெரிஞ்சுது என்றார். அவள் நிலைக்கட்டையிலிருந்து கையை எடுத்தாள். விதுரன் எல்லோரிடமும் சிரித்தான், கையைக் குலுக்கினான், பிறகு மைக்கைக் கழற்ற வந்தவரைச் சற்று இருக்கச் சொல்லிவிட்டுப் படியேறி வந்தான். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் இல்லை.

"அந்த வரி உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"முழுசா?"

"முழுசா."

"அப்புறம் ஏண்டி?"

"என் மூஞ்சியும் ஃப்ரேம்ல இருந்துச்சு காத்தமுத்து."

அந்தப் பேரைக் கேட்டு மேக்கப்காரர் நிமிர்ந்து பார்த்தார்.  விதுரன் அவளையே பார்த்தான், அவனும் அவளும் ஒரு தட்டில் சாப்பிட்ட நாளையெல்லாம் பார்த்தானோ என்னவோ, திரும்பி இறங்கிப் போய் டைரக்டரிடம் ஒன் மோர் போகலாம் என்றான். அவளுக்குக் கேட்கட்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது. கேமராமேன் கையை விரித்தார். வெயில் கடைசிப் படியையும் விட்டுவிட்டது சார், இதுதான் நமக்கு இருக்கிற ஒரே டேக். டைரக்டரோ, இதைத் தொட மாட்டேன் சார் என்று நெஞ்சில் கையை வைத்தார். குடை விரிந்தது. விதுரன் கேரவனுக்கு நடந்தான். கதவு சாத்துகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

ஸ்டீபன் ஓடி வந்து, சூப்பர்க்கா, வாயே அசையலக்கா, இறங்கி வாங்க என்று கையை நீட்டினான். இறங்கவில்லை அவள்.  சந்தோஷம் வரும் என்று நின்றுகொண்டே காத்திருந்தாள், வந்தது பயம்தான். படம் வெளியாக எட்டு மாதம். எடிட்டிங் இருக்கிறது, நீளம் ஜாஸ்தி என்பார்கள், ஹீரோ ஒரு வார்த்தை சொன்னால் டைரக்டர் நெஞ்சில் வைத்த கையை எடுத்துவிடுவார், இந்த வாசல், இந்தப் படி, இந்த அம்மா எதுவுமே இருக்காது. அதெல்லாம் தெரியாமல் இல்லை, அவன் பேரைச் சொல்லும்போதே தெரியும். தெரிந்துதான் சொன்னாள். இப்போது அவன் கேரவன் கதவைத் திறந்துகொண்டு வந்து மறுபடியும் ஏண்டி என்று கேட்டாலும் அதையேதான் சொல்லுவாள். அழுகை வந்தது. முகத்துக்குக் கையைக் கொண்டு போனாள். மேக்கப் கலைஞ்சிரும்மா, ஒரு ஸ்டில் எடுக்கணும், அப்படியே நில்லுங்க என்று எங்கிருந்தோ நித்திலா கத்தினாள். தமயந்தி கையை இறக்கிவிட்டு அப்படியே நின்றாள்.